விளக்கிலிருந்து வடதுறை வரை

ஜூன் 4

ஸ்கேலுக்கு,

இது நலம் விசாரிக்கற லெட்டர் இல்ல. மூணு மாசமா நீயும் விசாரிக்கல, நானும் விசாரிக்கல, ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கோம். போன்ல பேசினா நீ குரலை உசத்துவ, நான் வெச்சிடுவேன். லெட்டர்னா முழுசா படிச்சுத்தான் ஆகணும், அதான் எழுதறேன்.

நேத்து காலைப் படகுல உங்க ஆபீஸ் அச்சடிச்ச புது வரைபடம் ஒரு கட்டு வந்துச்சு, டிக்கெட் கவுன்ட்டர்ல வைக்கச் சொல்லி. பிரிச்சுப் பார்த்தேன். தீவைச் சுத்திப் போற நடைபாதை சுத்தாம நிக்குது. தெற்குத் துறையில என் கவுன்ட்டர் வாசல்ல ஆரம்பிச்சு, மேற்குப் பாறை வழியா கலங்கரை விளக்கம் வரைக்கும் புள்ளிக்கோடு ஒழுங்கா வருது. அங்க அறுந்து போச்சு. அப்புறம் மூணு கிலோமீட்டர் தள்ளி வடதுறையில திடீர்னு முளைச்சு, கிழக்குக் கரையோரமா என்கிட்ட வந்து சேருது. நடுவுல வெறும் பச்சை. பதினோரு கிலோமீட்டர் வட்டத்தைக் கடிச்சுப் போட்ட பிஸ்கட் மாதிரி ஆக்கி வெச்சிருக்கீங்க. மூலையில யார் கையெழுத்துன்னு பார்த்தா, சட்டைப் பையில ஸ்கேல் இல்லாம வெளிய கிளம்பாத உன்னோடது.

பத்தொன்பது வருஷமா அந்தப் பாதைக்கு மஞ்சள் அம்பு போடறவ நான்னு உனக்குத் தெரியாதா? மழைக்காலம் முடிஞ்சதும் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமா கிளம்பி, பாறை பாறையாப் புதுப்பிச்சு, வழியில வளர்ந்த புல்லையும் வெட்டிட்டு வருவேன். ஜனவரியில முட்டி ஆபரேஷன் ஆனதால இந்த வருஷம் போகல, அவ்வளவுதான்.

கோடு போன அதே வாரம், வடக்கு முனையை வாங்கின விடுதி முதலாளி வடதுறைப் பக்கம் இரும்பு கேட் போட்டுட்டான். போய்க் கேட்டா உங்க வரைபடத்தைப் பிரிச்சுக் காட்டறான். இதுல பாதையே இல்லையேம்மா, நீங்க எதுல நடக்கப் போறீங்கன்னு ரொம்ப மரியாதையாக் கேக்கறான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியல.

வரைபடத்துக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல ஒண்ணு போட்டிருக்கு. ஆட்சேபணை இருந்தா ஆகஸ்ட் பத்துக்குள்ள தெரிவிக்கணும், அதுக்கப்புறம் இதுவே இறுதி. இறுதின்னா அந்த மூணு கிலோமீட்டர்ல இனிமே யாரும் காலை வைக்க முடியாதுன்னு அர்த்தம். எனக்கு ஆட்சேபணை இருக்கு. யார் அழிச்சது, எதுக்கு அழிச்சதுன்னு பூசி மெழுகாம பதில் எழுது.

அக்கா

*

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

வடக்கு முனையின் உரிமையாளர், தன் நிலத்தில் பொதுப்பாதை எதுவும் கிடையாது என்று எங்கள் அலுவலகத்தில் மனு கொடுத்தார். மனு வந்தால் ஆய்வு செய்தே ஆக வேண்டும். ஏப்ரல் 18 அன்று ஆய்வு நடந்தது. வடதுறைக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் இடையில் ஓர் அம்புக்குறிகூட ஆய்வாளர் கண்ணில் படவில்லை. நடமாட்டம் இருந்ததற்கான தடமும் இல்லை. புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடந்தது. குறியும் இல்லை, தடமும் இல்லை என்றால் கோடு போடக் கூடாது என்பது விதி. ஆய்வு நாளன்று என்ன இருந்ததோ அதுதான் செல்லும். விதியை நான் எழுதவில்லை.

இனி நம் விஷயம். மார்ச் மாதம் ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால் போர்வை மடித்து வைத்திருக்கிறது, உன்னைக் காணோம். ஆபரேஷன் ஆகி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டாய். என் மனைவி பேருந்து நிறுத்தம் வரை வீட்டுச் செருப்போடு ஓடினாள். உனக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த முட்டியை வைத்துக்கொண்டு பாறையில் ஏறி அம்பு வரைந்ததெல்லாம் போதும். பாதை போனால் போகட்டும். நீ இங்கே வந்துவிடு.

தம்பி

*

ஜூன் 19

ஸ்கேலுக்கு,

'தங்கள் கடிதம் கிடைத்தது'ன்னு ஆரம்பிச்ச பாரு, அங்கயே எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. நான் என்ன உங்க ஆபீஸ் மனுதாரரா? உன் மூக்கைத் துடைச்சு விட்டு வளர்த்தவடா.

உன் வீட்டுல ஒரு குறையும் இல்ல. அதுதான் குறை. குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வைக்க விடல. ஒருநாள் நீ உன் வீட்டுக்காரிகிட்ட மெதுவா சொல்லிக்கிட்டிருந்த, அக்கா இனிமே தனியா இருக்க லாயக்கில்லன்னு. முட்டியைத்தான் அறுத்தாங்க, காதை இல்ல. கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன். மறுநாள் கிளம்பிட்டேன். உன் வீட்டுக்காரியை ஓட வெச்சதுக்கு மட்டும் வருத்தப்படறேன், அதை அவகிட்ட சொல்லிடு.

இப்போ உன் ஆய்வாளர் சங்கதிக்கு வர்றேன். ஒரு அம்புகூட இல்லையாமே. நேத்து முழு வட்டத்தையும் நடந்தேன். ரெண்டு கையிலயும் தடி, முதுகுல தண்ணி. முன்னாடி நாலு மணி நேரத்துல முடிப்பேன், நேத்து ஆறரை ஆச்சு. விளக்குலேருந்து வடதுறை வரைக்கும் அறுபத்து மூணு அம்பு. சிலது மங்கியிருக்கு, சிலதுல பாசி, ஆனா கண்ணு இருக்கறவனுக்குத் தெரியும். கேட்டுக்கு உள்பக்கத்துலேருந்து நான் வர்றதைப் பார்த்துட்டு காவல்காரன் முழிச்சான். எப்படிம்மா உள்ள வந்தீங்கன்னான். நடந்துன்னு சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ஏப்ரல் 18 டிக்கெட் அடிக்கட்டையை எடுத்துப் புரட்டினேன். தீவுக்கு வர்ற எல்லாருக்கும் என் ஜன்னல்லதான் டிக்கெட் கிழிக்கணும். அன்னிக்கு வந்தது பதினாலு பேர், பதினாலும் எனக்குத் தெரிஞ்ச முகம். உங்க ஆய்வாளர் இந்தத் தீவை மிதிக்கவே இல்ல. ஃபேனுக்குக் கீழ உக்காந்து அறிக்கை எழுதியிருக்கான். உங்க பெரிய அதிகாரிக்கு எல்லாத்தையும் விவரமா எழுதி, அடிக்கட்டை நகலும் சேர்த்து உறை ஒட்டி வெச்சிருக்கேன். அடுத்த வெள்ளிக்கிழமைப் படகுல போகும்.

லாயக்கில்லாத அக்கா

*

ஜூன் 24

அக்கா,

அந்தக் கடிதத்தை அனுப்பாதே.

ஆய்வாளர் வந்தார். மீன்பிடிப் படகில் வந்து வடதுறையில் இறங்கினார், அதனால் உன் அடிக்கட்டையில் இருக்க மாட்டார். விளக்கு வரை நடந்தார். ஒரு குறியையும் பார்க்கவில்லை. இது சத்தியம். அவர் பொய் எழுதுகிறவர் இல்லை. அவருக்கு இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ். ஒரு குடும்பத்தைச் சந்தியில் நிறுத்திவிடாதே.

ஆறரை மணி நேரம் நடந்தாயா? உனக்கு என்ன பைத்தியமா?

தம்பி

*

ஜூலை 1

தம்பிக்கு,

உறையை அனுப்பல.

வடதுறையில மீன் படகு வெச்சிருக்கறவங்க மொத்தமே மூணு பேர். ரெண்டாவது ஆள்கிட்டயே விஷயம் கிடைச்சிடுச்சு. ஏப்ரல்ல ஒரு நெட்டை ஆள் ஏறினாராம். சட்டைப் பையில ஸ்டீல் ஸ்கேல். தெற்குத் துறையில இறக்கி விடறேன், அங்க டீ கிடைக்கும்னு படகுக்காரர் சொன்னதுக்கு, அங்க மட்டும் வேண்டவே வேண்டாம்னாராம். வடதுறையில இறங்கி நடந்து, படகை விளக்குக்குக் கீழ இருக்கற படிக்கட்டுக்கு வரச் சொல்லி, அங்கேருந்தே ஏறிப் போயிட்டாராம். திரும்பிப் போறப்போ வாயே திறக்கலையாம். யாரையாவது தீர்த்துக் கட்டிட்டுப் போறாரோன்னு படகுக்காரர் பயந்துட்டாராம்.

நீதானே.

என் ஜன்னலைத் தாண்டக் கூடாதுன்னுதான் வடதுறையில இறங்கியிருக்க. என் தீவுக்கு வந்துட்டு என் வீட்டுக்கு வராம போயிருக்க. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல. பாதை போனதுகூட இவ்வளவு வலிக்கல, நிஜமாத்தான் சொல்றேன்.

மூணாவது நாள்தான் புத்தி வேலை செஞ்சுது. ஸ்கேல் ஒளிஞ்சு வருவான், ஆனா இருக்கறதை இல்லன்னு எழுத மாட்டான். அப்போ அம்பு எங்க போச்சு? ஒரு வண்டியைப் பிடிச்சு வடதுறைக்குப் போய், காவல்காரன் சாப்பிடப் போன நேரமாப் பார்த்து சங்கிலியை அவுத்துட்டு, அங்கேருந்து விளக்கைப் பார்த்து நடந்தேன். நூறு அடிகூடப் போகல, புரிஞ்சுபோச்சு. ஒரு அம்பும் இல்ல. எல்லாப் பாறையும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. நின்ன இடத்துலயே திரும்பினேன். வரிசையா மஞ்சள்.

பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கமா நடந்ததில்லடா. என் ஜன்னல்ல டிக்கெட் கிழிக்கற அத்தனை பேரையும் இடப்பக்கமாத்தான் கை காட்டி அனுப்புவேன். அவங்க கண்ணுக்குத் தெரியற பக்கத்துல மட்டும்தான் அம்பு போட்டிருக்கேன். எதிர்ப்பக்கத்துலேருந்து ஒருத்தன் வருவான்னு தோணவே இல்ல. அது என் சொந்தத் தம்பியா இருப்பான்னு எப்படித் தோணும்?

என் மேல பாதித் தப்பு, ஒத்துக்கறேன். மீதிப் பாதி உன்னோடது. நடுவுல ஒரே ஒரு தடவை நீ திரும்பிப் பார்த்திருந்தா போதும்.

இனிமே நான் பாறை முதுகுல பெயின்ட் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல. ஆய்வு நாள்ல இருந்ததுதான் செல்லும்னு நீயே எழுதியிருக்க. அன்னிக்கு அம்பு இருந்துச்சு, நான்தான் தப்பான பக்கத்துலேருந்து வந்தேன்னு சொல்லக்கூடிய ஒரே ஆள் நீ. அதை எழுதிக் குடு. ஏன் வடதுறையில இறங்கினேன்னும் சேர்த்து எழுது.

அக்கா

*

ஜூலை 9

அக்கா,

நான்தான். இனிமே உன்கிட்ட ஆபீஸ் தமிழ் வேண்டாம்.

அந்த ஆய்வு வேற ஒருத்தருக்குத்தான் வந்துச்சு. நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். உன்னை நான் பார்க்கணும், நீ என்னைப் பார்க்கக் கூடாது, இதுதான் திட்டம். அம்பத்தெட்டு வயசுல வர்ற புத்தியா இது? விளக்கு மேட்டுல ஏறி நின்னா உன் வீட்டுக் கொல்லைப்பக்கம் தெரிஞ்சுது. நீ துணி காயப் போட்டுக்கிட்டிருந்த. கையில தடி இல்ல. ஒரு பெட்ஷீட்டை ரெண்டு தடவை நல்லா உதறிட்டுக் கொடியில போட்ட. நல்லா இருக்கான்னு நிம்மதியா இருந்துச்சு. நாங்க யாரும் இல்லாமயே நல்லா இருக்காளேன்னு ஆத்திரமாவும் இருந்துச்சு. இறங்கிப் படகுல ஏறிட்டேன்.

வழி முழுக்கத் தலையைக் குனிஞ்சுக்கிட்டுதான் நடந்தேன், யாராவது பார்த்து உன்கிட்ட போட்டுக் குடுத்துடுவாங்களோன்னு. அம்பு ஒண்ணையும் காணோம்னதும், அக்கா இத்தனை வருஷமா சும்மா பீத்திக்கிட்டிருக்கான்னு நினைச்சேன்.

இன்னொண்ணும் சொல்லணும், எழுதக் கூசுது. அந்தக் கோட்டை எடுத்தப்போ எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு. பாதை இல்லன்னா நீ நடக்க மாட்ட, நடக்க ஒண்ணும் இல்லன்னா இங்க வந்துடுவன்னு.

ஆனா நீ கேக்கறதை என்னால செய்ய முடியாது. சொந்தக்காரங்களுக்குச் சம்பந்தம் இருக்கற இடத்துக்கு ஆய்வுக்குப் போகக் கூடாது. நான் அதை மறைச்சுட்டுப் போனேன். முப்பத்து நாலு வருஷத்துல ஒரு கோடுகூடத் தப்பாப் போடாதவன்னு பேர் எடுத்திருக்கேன். அக்காகிட்ட கோவிச்சுக்கிட்டு ஒளிஞ்சு போனேன்னு எழுதிக் குடுத்தா வாசல்ல நிக்கற செக்யூரிட்டி வரைக்கும் சிரிப்பான். அஞ்சு வருஷத்துல அடுத்த பதிப்பு வரும். அதுல சேர்க்கச் சொல்லி யார்கிட்டயாவது ஒப்படைச்சுட்டுப் போறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ.

தம்பி

*

ஜூலை 15

தம்பிக்கு,

பொறுக்க மாட்டேன்.

எனக்கு இப்போ அறுபத்து நாலு. அஞ்சு வருஷம் கழிச்சு உனக்கு சர்வீஸ் இருக்காது, எனக்கு முட்டி இருக்காது, வடக்கு முனையில தரை இருக்காது. அந்த ஆள் அதுக்குள்ள கட்டடத்தை எழுப்பிடுவான். விளக்குப் பக்கமும் இப்போ முள்கம்பி இழுத்தாச்சு. சப்பைக்கட்டு கட்டாத.

சந்தோஷமா இருந்துச்சுன்னு எழுதின பாரு, அந்த ஒரு வரிக்காக உன்னை மதிக்கறேன். அதே வரிக்காக உன் கன்னத்துல ஒண்ணு குடுக்கணும் போலயும் இருக்கு. நான் ஒருத்தி நடக்கக் கூடாதுன்னு ஊரே நடக்கற பாதையை எடுத்திருக்க. என் முட்டி என் சொத்து. அது தேஞ்சா நான் தேய்ச்சதா இருக்கட்டும், நீ பத்திரமா எடுத்து வெச்சதா இருக்க வேண்டாம். உன் பாசத்துக்கு நான் என்னைக்கும் கடன்பட்டவதான், அதுக்காக அடங்கிக் கிடக்க மாட்டேன்.

உங்க அதிகாரிக்கு நான் எழுதப் போறதில்ல. எழுதினா உன்னைக் காட்டிக் குடுத்தவளா ஆயிடுவேன். உன் உண்மையை நீதான் சொல்லணும். சொல்லலன்னா அதையும் வெச்சுக்கிட்டு நீதான் வாழணும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, காலை எட்டு மணிக்கு இங்கேருந்து கிளம்பறோம். மீன் படகுக்காரங்க மூணு பேர் வீட்டு ஆளுங்க, பேக்கரிக்காரம்மா, ரெண்டு டீச்சர், பல் டாக்டர்னு நாப்பது பேர் பேர் குடுத்தாச்சு. இந்தத் தடவை எதிர்ப்பக்கமா நடக்கறோம், கிழக்குக் கரை வழியா. மூணு டப்பா மஞ்சள் பெயின்ட் வருது. உங்க விதிக்குச் செல்லாட்டிப் போகுது, பாறை முதுகுலயும் அம்பு விழணும். கேட்டைப் பூட்டியிருந்தா ஏறிக் குதிப்போம். எனக்கு முட்டி மடங்காது, தூக்கி விட ஆள் இருக்கு.

உன்னை வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. வந்தா தெற்குத் துறையில இறங்கு.

அக்கா

*

ஜூலை 28

அக்கா,

ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததோட நகலை இதுல இணைச்சிருக்கேன். போன செவ்வாய்க்கிழமை குடுத்தேன்.

"ஏப்ரல் 18 அன்று கலங்கரை விளக்கத்துக்கும் வடதுறைக்கும் இடையிலான நிலத்தை நான் ஆய்வு செய்தேன். பாதையின் வழக்கமான திசைக்கு எதிராக நடந்ததால், பாறைகளின் மறுபக்கத்தில் இருந்த அம்புக்குறிகளைப் பார்க்கத் தவறினேன். அவை அன்று இருந்தன என்று உறுதி கூறுகிறேன். பாசி படிந்த பழைய குறிகள் என்பதை இன்றும் நேரில் காணலாம். எதிர்த்திசையில் நடந்த காரணம்: தெற்குத் துறையில் பணிபுரிபவர் என் அக்கா. அவருடன் எனக்கு மனத்தாங்கல். அவர் கண்ணில் படக் கூடாது என்று வடதுறையில் இறங்கினேன். இந்த உறவை அலுவலகத்துக்குத் தெரிவிக்காதது என் குற்றம். கோட்டை நீக்கியது தவறு. அதை மீண்டும் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

அதிகாரி ரெண்டு தடவை படிச்சார். மனத்தாங்கல்ங்கற வரியை மட்டும் எடுத்துடலாமே, சொந்தக் காரணம்னு போட்டுக்கலாமேன்னு கேட்டார். வேண்டாம் சார், அதுதான் காரணம்னு சொன்னேன். விசாரணை முடியற வரைக்கும் என்னைப் பழைய காகிதக் கிடங்குல போட்டிருக்காங்க. நினைச்ச மாதிரியே சிரிச்சாங்க. ரெண்டு நாள் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க.

கோடு திரும்ப வருமான்னு தெரியாது. பத்தாம் தேதிக்கு அப்புறம்தான் முடிவு பண்ணுவாங்க. வீட்டுக்காரிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அக்காவை லாயக்கில்லன்னு சொன்ன வாய்தானே, நல்லா வேணும்னு சொன்னா.

தம்பி

*

ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

ஞாயித்துக்கிழமை உன்கிட்ட ஒழுங்கா ஒரு வார்த்தை பேசல. முதல் படகுல வந்து, வரிசையில நின்னு, ஜன்னல்ல டிக்கெட்டை நீட்டின. நான் கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். கோவம் இல்லடா. வாயைத் திறந்தா அழுதிருப்பேன், நாப்பது பேர் முன்னாடி எனக்கு அது தேவையா?

வழியெல்லாம் நீ கடைசி ஆளா வந்த. நானும் திரும்பிப் பார்க்காத மாதிரி பார்த்துக்கிட்டுதான் நடந்தேன்.

கேட்டுல பூட்டு இருக்கும்னு தெரியும், இவ்வளவு பெரிய பூட்டா இருக்கும்னு நினைக்கல. காவல்காரன் வரைபடத்தைக் கையில பிரிச்சு வெச்சுக்கிட்டு நின்னான். ஆளாளுக்குப் பேசினாங்க. பேக்கரிக்காரம்மா நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டா. அவன் எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் வெச்சிருந்தான், இதுல பாதை இல்ல, எனக்கு இதுதான் தெரியும்னு. அவனையும் குத்தம் சொல்ல முடியாது. எனக்குக்கூட ஒரு நிமிஷம், இவ்வளவுதான் போல, பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கிட்டுத் திரும்ப வேண்டியதுதான்னு தோணிடுச்சு.

அப்போதான் நீ எல்லாரையும் விலக்கிக்கிட்டு முன்னாடி வந்த. வரைபடத்தோட மூலையில விரலை வெச்ச.

"இந்தக் கையெழுத்து என்னோடது. பாதை இல்லன்னு எழுதினது நான்தான். தப்பா எழுதினேன். இங்க பாதை இருக்கு, எங்கக்கா பத்தொன்பது வருஷமா அம்பு போட்ட பாதை."

அதைச் சொல்லிட்டு நீயே முதல்ல கேட் மேல ஏறின. நெட்டைக் காலை எங்க வைக்கறதுன்னு தெரியாம பேன்ட்டைக் கிழிச்சுக்கிட்டு அந்தப் பக்கம் விழுந்த. யாரும் சிரிக்கல. எழுந்து நின்னு கையை நீட்டி, பிடிச்சுக்கோக்கான்னு சொன்ன. வேற யாராவது சொல்லியிருந்தா தட்டி விட்டிருப்பேன். ரெண்டு பேர் கீழேருந்து தூக்கினாங்க, உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். முட்டி வலியில உயிர் போச்சு. இன்னும் வலிக்குது, உன்கிட்ட மட்டும் சொல்றேன். இதைச் சாக்கா வெச்சு என்னைக் கூப்பிட ஆரம்பிச்சிடாத.

காவல்காரன் பூட்டைத் திறக்கல. ஆனா எல்லாரும் ஏறி இறங்கற வரைக்கும் கடலைப் பார்த்துக்கிட்டே நின்னான். அறுபத்து மூணு பாறைக்கும் முதுகுல அம்பு விழுந்தாச்சு, விளக்குப் பக்க முள்கம்பியையும் தடியால தூக்கிப் பிடிச்சு நுழைஞ்சு வந்தாச்சு. அதுல பதினொண்ணு நீ போட்டது. உனக்குக் கோடு வர்ற அளவுக்கு அம்பு வரல.

உங்க ஆபீஸ் என்ன முடிவு வேணும்னாலும் எடுக்கட்டும். கோடு வந்தா சந்தோஷம். வரலன்னா வழக்குப் போடறோம், அது நடக்கற வரைக்கும் நாங்களும் நடக்கறோம். மாசத்துல முதல் ஞாயிறுன்னு முடிவு பண்ணியாச்சு, அடுத்தது செப்டம்பர் ஏழு. கேட்டை இன்னும் நாலடி உசத்தப் போறாங்களாம். தச்சர்கிட்ட ஏணிக்குச் சொல்லிட்டேன்.

அக்கா